சாவி எவர் கையில்?

தோட்டப்புறத்திற் பிறந்து வளர்ந்த நம்மவர்க்குப் பழைய அனுபவம் ஒன்றுண்டு. நம் பெயர், வேலை செய்த நாள், பெற்ற கூலி யாவும் ஆபீசிலிருந்த செக்ரோல் புத்தகத்தில் எழுதப்பட்டிருந்தன. அப்புத்தகம் நம்மைப் பற்றியது, ஆயினும் நம்முடையதன்று. அதைத் திறக்கும் அதிகாரம் கிராணியிடம் இருந்தது. லயத்து வீடும் அவ்வாறே. வேலை போயின் வீடும் போயிற்று. பேராக்கின் ரப்பர் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. அங்கிருந்தோர் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் சிதறி வாழ்கின்றனர். அவர்தம் பள்ளிக்கூடப் படமும் திருவிழாப் படமும் மாண்டோர் முகமும் இப்பொழுது எங்கே? கைப்பேசியில், அங்கிருந்து 'கிளவுட்' என்னும் மேகச் சேமிப்பில்.

மேகம் என்ற பெயரைக் கேட்டு மயங்க வேண்டா. அது வானத்தில் இல்லை. ஜொகூரில் எழுந்து நிற்பவை போன்ற பெருங்கட்டடங்களில், மின்சாரத்தையும் தண்ணீரையும் குடித்துக்கொண்டிருக்கும் கம்பெனி இயந்திரங்களில் இருக்கிறது. நாம் அங்கே குடியிருப்போரேயன்றி மனைக்குரியோர் அல்லோம். மைஸ்பேஸ் என்னும் அமெரிக்கக் கம்பெனி, மக்கள் பன்னிரண்டாண்டுக் காலம் ஒப்படைத்த பாட்டுகளை இயந்திரம் மாற்றும்போது இழந்துவிட்டதென 2019-இல் தெரியவந்தது. வருந்துகிறோம் என்றார்கள், அவ்வளவுதான்.

அப்படியாயின், தன் பொருளைத் தன் வீட்டில் வைத்துக்கொள்பவன் சுதந்திரனாகிவிடுவானா? ஆவான் என்றே யான் நம்பினேன். ஈப்போவில் என் வீட்டில் ஒரு சர்வர் வைத்தேன். ராஸ்பெரி பை என்னும் கையகலக் கணினி ஒன்று, அதனோடு ஒரு ஹார்ட் டிஸ்க். அதில் ஓடுவது 2016-இல் தோன்றிய நெக்ஸ்ட்கிளவுட் என்னும் மென்பொருள். அது இலவசம், அதன் உள்ளமைப்பையும் எவரும் படித்துப் பார்க்கலாம். செலவாகும் மின்சாரம் சிறு விளக்கொன்றுக்கு ஆகும் அளவே. எங்கள் பழைய தோட்டத்தார் நாற்பது குடும்பத்தினர் தம் படங்களை அதில் இட்டனர். இனி எவன் தயவும் வேண்டுவதில்லை என்று இறுமாந்தேன்.

அந்த இறுமாப்பு ஒரு மாலை இடியோடு போயிற்று. கிந்தாப் பள்ளத்தாக்கின் பிற்பகல் இடியை அறியாதவர் யார்? மின்கம்பி வழிவந்த மின்னல் டிஸ்கைப் பொசுக்கிற்று. யான் எப்போதோ எடுத்து வைத்த பாதிப் படி மட்டும் தப்பியது. மீதியைக் கைப்பேசி கைப்பேசியாய்த் தேடிச் சேர்த்தோம். 1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறு படியில்லாதவை அதோடு ஒழிந்தன. இதனை எத்தனை கூட்டத்தில் சொல்லிப் பொங்கியிருப்பேன்! பொங்கியவன் வீட்டிலோ ஒரே படி. பின்னர் மூன்று படி வைத்தேன்: சர்வரில் ஒன்று, கம்பி கழற்றி அலமாரியில் ஒன்று, தைப்பிங்கில் என் தமக்கை வீட்டில் ஒன்று.

இது நிற்க. இயந்திரத்தின் குறைக்கு மருந்துண்டு. என் குறையைக் காட்டியவர் புந்தோங்கில் வசிக்கும் ஒரு மூதாட்டி.

"தம்பி, என் வீட்டுக்காரர் கள்ளுக்கடை வாசலிலே விழுந்து கிடக்கிற படம் அந்தப் பெட்டியிலே இருக்கிறதாமே. அதை எடுத்துவிடு," என்றார்.

"அம்மா, அது சரித்திரம். கள் நம்மை என்ன செய்தது என்று நாளைப் பிள்ளைகள் அறிய வேண்டாமா?" என்றேன்.

"உனக்குச் சரித்திரம். எனக்கு அவர் புருஷன்," என்றார்.

யான் மறுமொழி சொல்லாமல் வீடு திரும்பினேன். நாற்பது வீட்டுப் படங்களும் கடிதங்களும் என் ஒருவன் கண்ணுக்குத் திறந்து கிடந்தன. எதை வைப்பது, எதை நீக்குவது என்பதும் என் விருப்பம். நோக்கம் நல்லதுதான். எந்தக் கிராணி தன் நோக்கம் கெட்டதென்று சொன்னான்? கம்பெனியையாவது சட்டங்கொண்டு கேட்கலாம். மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வாணிகத் தொடர்புகளுக்கே உரியது. என்னைப் போல் இலவசமாய்ப் பிறர் பொருளைக் காப்பவனை அது தொடாது.

இதற்கு விடை தேட நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. வெள்ளைக்காரர் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர் தெருவுக்கு வந்த காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளர் நூறு வெள்ளிப் பங்கைத் தவணையாய்க் கட்டிச் சேர, சங்கம் தோட்டங்களை வாங்கியது. துரைக்குப் பதில் வேறொரு நல்ல துரை என்பதன்று அதன் பொருள். பங்கு வைத்தவன் கணக்குக் கேட்கலாம். சங்கத்திலும் கேளாதவனுக்குக் கணக்கு வராது என்பது வேறு கதை.

நாங்களும் கூடிப் பேசினோம். டிஸ்க் செலவை நாற்பது வீட்டாரும் பகிர்ந்தனர். நிர்வாகச் சாவி மூவரிடம் போயிற்று; அவருள் இருவர் பெண்டிர். எவர் எதைத் திறந்தார் என்னும் பதிவை அனைவரும் பார்க்கலாம். படத்திலுள்ளவரோ அவர் குடும்பத்தாரோ நீக்கச் சொன்னால் காரணங் கேளாமல் நீக்கவேண்டும் என்றும் முடிவாயிற்று. இவ்விதியை எதிர்த்து நெடுநேரம் வாதாடியவன் யானே, தோற்றேன்.

சர்வரிலும் அலமாரி டிஸ்கிலும் இருந்த படத்தை அன்றிரவே அழித்தேன். மூன்றாம் படிக்காக ஞாயிற்றுக்கிழமை தைப்பிங்குக்குப் பேருந்து ஏறினேன். எங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடைக்கு வேறு படம் எவரிடத்தும் இல்லை.