அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் துப்பாக்கியா?



இந்த மாதம் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுவோம். கொடிய காலம் வருமுன்னே ஊருக்கு வெளியே ஒதுக்குப்புறமாக ஒரு இடத்தை வாங்கி, அங்கே அரிசி, பருப்பு, டீசல், மருந்து எல்லாம் சேர்த்து வைத்து, அதைக் காக்க ஒரு துப்பாக்கியும் வைத்துக்கொள்ளுவது தேவபிள்ளைக்குத் தகுமா? இது ஏதோ அமெரிக்காக்காரனுடைய கேள்வி என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நம்ம சபையிலேயே ஒரு சகோதரன் கேட்டார். வளைகுடாவில் பல வருஷம் உழைத்துத் திரும்பியவர், உபவாச ஜெபத்துக்குத் தவறாதவர். வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம், சிறுமலை அடிவாரத்தில் இரண்டு ஏக்கர் பார்த்திருக்கிறார். "பாஸ்டர், நாலு குடும்பம் சேர்ந்தா போர் போட்டு, ஷெட் போட்டு, ரெண்டு வருஷத்துக்கு வேண்டியதை வச்சுக்கலாம். காட்டுப்பன்னிக்குன்னு எழுதிக் குடுத்து கன் லைசென்ஸும் வாங்கிடலாம். சபையில அறிவிப்பு குடுக்கலாமா?" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இட்லிக்கடை போட்டுப் பிள்ளைகளை வளர்க்கிற ஒரு விதவைத் தாயார். அவர்கள் மெதுவாக, "தம்பி, அந்த நாலு குடும்பத்துல நான் உண்டா?" என்று கேட்டார்கள். சகோதரன் பதில் சொல்லவில்லை.

முதலாவது, அவருடைய பயத்தை நாம் கேலி பண்ணக்கூடாது. அதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச் 24 ராத்திரி தேசம் முழுவதும் பூட்டப்பட்டது. மறுநாள் விடியுமுன்னே தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் நம்ம மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில்தான் நடந்தது. ஏப்ரல் 26 முதல் 29 வரை மதுரைக்கு முழு ஊரடங்கு என்று அறிவித்தவுடனே, 25-ம் தேதி கடைகளில் ஜனங்கள் முண்டியடித்ததை மறக்க முடியுமா? கைக்குழந்தைக்குப் பால் பவுடர் தேடி அலைந்த தகப்பன்மார் நம் மத்தியில் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் வீட்டில் ஒரு மூட்டை அரிசி கூடுதலாக வைத்தால், அவரை அவிசுவாசி என்று சொல்ல நான் ஆயத்தமாயில்லை.

நம்முடைய பாட்டன் பூட்டன் காலத்திலே வீட்டுக்கு வீடு குலுக்கையும் குதிரும் இருந்தது. வேப்பிலையும் வசம்பும் போட்டு தானியத்தைக் காப்பாற்றினார்கள். சோம்பேறியை எறும்பிடம் பாடம் படிக்க அனுப்புகிறதும் நம்முடைய வேதம்தானே! ஆகையால் சேர்த்து வைப்பது பாவமா என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். யாருக்காகச் சேர்க்கிறோம், வாசலில் எதை நிறுத்துகிறோம் என்று பார்ப்போம்.

சகோதரன் மூன்று வசனங்களோடு வந்திருந்தார். ஒன்று, மத்தேயு 24:16. யூதேயாவில் இருப்பவர்கள் மலைகளுக்குத் தப்பி ஓட வேண்டும் என்று ஆண்டவர் சொன்னது மெய்தான். அடுத்த இரண்டு வசனத்தையும் வாசியுங்கள். மாடியில் இருக்கிறவன் வீட்டுச் சாமானுக்காக இறங்கவே கூடாது, வயலில் இருக்கிறவன் தன் மேல்துணிக்காகக்கூடத் திரும்பக் கூடாது. வெறுங்கையோடு ஓடச் சொன்ன வசனத்தை வைத்து ரெண்டு வருஷத்துக்கு மளிகை லிஸ்ட் எழுதலாமா? (இடையில் ஒரு வார்த்தை. இரகசிய வருகையில் சபை எடுத்துக்கொள்ளப்படும் என்று ஞாயிறுதோறும் கைதட்டிப் பாடுகிறோம். அப்படியானால் உபத்திரவ காலத்தில் அந்த அரிசியைச் சாப்பிடப் போகிறவர் யாரோ?)

இரண்டாவது, யோசேப்பு. இது கனமான காரியம், இதில் கொஞ்சம் தங்குவோம். செழிப்பான ஏழு வருஷத்திலே விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை யோசேப்பு எடுத்துச் சேர்த்தான். எங்கே சேர்த்தான்? ஆதியாகமம் 41:48-ஐ நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு பட்டணத்தைச் சுற்றிலும் விளைந்ததை அந்தந்தப் பட்டணத்துக்குள்ளேயே வைத்தான். வனாந்தரத்தில் கொண்டுபோய் ஒளிக்கவில்லை, ஜனங்கள் குடியிருக்கிற இடத்திலே வைத்தான். பஞ்சம் வந்தபோது களஞ்சியத்தைத் திறந்தான். இனாமாகக் கொடுக்கவில்லை, விற்றான். அதனால் ஜனங்கள் கடைசியில் நிலத்தையும் தங்களையுமே விற்கவேண்டிய நிலைமைக்கு வந்தார்கள் என்று 47-ம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறது, அதை நாம் மறைக்க வேண்டாம். ஆனாலும் கதவைத் திறந்தான்.

அந்தக் கதவண்டை கானான் தேசத்திலிருந்து பசியோடு வந்து நின்ற பத்துப் பேர் யார்? தன்னைக் குழியிலே போட்டு விற்ற அண்ணன்மார்! அந்நியனைக் கண்டால் ஆயுதத்தை நீட்டு என்று எகிப்தின் களஞ்சிய வாசலில் கட்டளை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாக்கோபின் குமாரர் அங்கேயே விழுந்திருப்பார்கள். யூதாவும் விழுந்திருப்பான். யூதாவின் வம்சத்தில் யார் வந்தார் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நம்ம ஊர்க் கதையும் ஒன்று உண்டு. 1876 முதல் 1878 வரை அடித்த பஞ்சத்தை நம்ம பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். தென்னிந்தியாவில் 50 லட்சத்துக்கும் அதிகமான பேர் செத்துப்போனார்கள். தானியமே இல்லாமல் போய்விட்டதா? இல்லை. விலை ஏறட்டும் என்று பதுக்கியவர்கள் பதுக்கினார்கள், கப்பலேற்றி அனுப்பியவர்கள் அனுப்பினார்கள். அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது மதுரையில் குஞ்சரத்தம்மாள் என்ற பேரைச் சொல்லுவார்கள். தாசி குலத்துப் பெண். தன் நகை நட்டு, சொத்து சுகம் எல்லாவற்றையும் விற்றுத் தெருவிலே கஞ்சி ஊற்றினாள், தனக்கென்று ஒன்றும் மிச்சம் வைக்காமல் செத்தாள் என்று பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். ராகாபைப் பற்றி மூன்று நாள் கூட்டம் போட்டுப் பிரசங்கிக்கிறோம், இந்த அம்மாளை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அன்றைக்குக் களஞ்சியத்தைப் பூட்டி வைத்தவர்களில் ஒருவன் பேராவது இன்றைக்கு மதுரையில் யார் வாயிலாவது இருக்கிறதா?

மூன்றாவது வசனம் லூக்கா 22:36. பட்டயம் இல்லாதவனை வாங்கிக்கொள்ளச் சொன்னாரே, அது துப்பாக்கிக்கு அனுமதி அல்லவா என்று கேட்கிறார்கள். சீஷர்கள் இரண்டு பட்டயத்தைக் காட்டியபோது அது போதும் என்று ஆண்டவர் முடித்துவிட்டார். ஆயுதம் ஏந்தி வந்த கூட்டத்தோடு சண்டை போட அது போதுமா? அன்று ராத்திரியே அதில் ஒன்றைப் பேதுரு சுழற்றினார். ஒரு வேலைக்காரனுடைய காது போனது. கர்த்தர் அந்தக் காதைத் தொட்டுச் சுகமாக்கினார். சீஷனுடைய பட்டயம் பண்ணின காயத்துக்குக் கட்டுப்போடுவதுதான் அந்த ராத்திரி அவருக்கு வேலையாயிற்று.

அப்படியானால் ஆயுதமே கூடாதா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நெகேமியாவின் ஆட்கள் ஒரு கையால் மதிலைக் கட்டி மறு கையில் ஆயுதம் பிடித்திருந்தார்கள். தனியாகத் தோட்டத்தில் குடியிருக்கிற விவசாயி முறைப்படி லைசென்ஸ் வாங்கித் துப்பாக்கி வைத்திருந்தால், அவரைக் குற்றம் பிடிப்பது என் வேலை அல்ல. ஆனால் யாத்திராகமம் 22-ன் தொடக்கத்தைப் பாருங்கள். ராத்திரியில் கன்னமிட்டு நுழைகிறவனை அடித்துக் கொன்றால் பழி இல்லை, பொழுது விடிந்தபின் கொன்றால் இரத்தப்பழி உண்டு. இருட்டிலே வருகிறவன் யார், என்ன செய்ய வருகிறான் என்று தெரியாது. வெளிச்சத்திலே தெரியும். தெரிந்த பிறகு கொல்ல அனுமதி இல்லை.

இப்போது சிறுமலை ஷெட்டை யோசியுங்கள். பஞ்ச காலத்தில் அந்த வாசலுக்கு வரப்போகிறவன் யார் என்று இப்போதே, பட்டப்பகல் வெளிச்சத்தில், நமக்குத் தெரியும். பக்கத்து ஊர்க் கூலிக்காரன் வருவான், இடுப்பில் பிள்ளையோடு ஒரு தாய் வருவாள். அவர்களை நினைத்துத்தான் துப்பாக்கி வாங்குகிறோம். வயிறு நிறைந்திருக்கிற நாளிலே, புத்தி தெளிந்திருக்கிற நேரத்திலே, பசித்தவனைச் சுடுவதாக முன்கூட்டியே தீர்மானம் பண்ணுகிறோம். கோபத்தில் கை ஓங்குகிறவனைக் காட்டிலும் இது பாரமான காரியம் இல்லையா? 2020-ல் அந்த முழு ஊரடங்கு நோன்பு மாதத்திலே வந்தது. பக்கத்து வீட்டு பாய் தன் வீட்டில் காய்ச்சிய கஞ்சியில் ஒரு தூக்குவாளி எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அவர் நாளைக்குப் பசியோடு அந்த ஷெட்டுக்கு வந்தால், துப்பாக்கி யார் பக்கம் திரும்பும்?

சட்டமும் தெரிந்துகொள்ளுங்கள். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது ஜெயிலுக்குப் போகிற குற்றம். 2019-ல் செய்த திருத்தத்தின்படி லைசென்ஸ் உள்ளவரும் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைக்க முடியாது. தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கவேண்டி வரும். எல்லாவற்றுக்கும் மேலே, மனுஷனுக்காக வாங்குவதைக் காட்டுப்பன்றிக்கு என்று எழுதிக் கொடுப்பது பொய். அடைக்கலப் பட்டணத்துக்கு அஸ்திபாரமே பொய்யா?

இப்படிச் சேர்த்தவர்கள் என்ன ஆனார்கள்? அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்தில் வேக்கோ என்ற ஊருக்கு அருகே ஒரு கூட்டத்தார் இருந்தார்கள். இடத்துக்கு வைத்த பேர் கர்மேல் மலை. தலைவன் டேவிட் கொரேஷ், வெளிப்படுத்தின விசேஷத்தின் ஏழு முத்திரைகளைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவன். உணவுப் பொட்டலங்களும் ஏராளமான துப்பாக்கிகளும் சேர்த்து வைத்திருந்தார்கள். 1993 பிப்ரவரி 28-ல் சட்டவிரோத ஆயுதம் தேடி அதிகாரிகள் வந்தபோது துப்பாக்கிச் சண்டையில் நான்கு அதிகாரிகள் செத்தார்கள், உள்ளேயும் சாவு. 51 நாள் முற்றுகை. ஏப்ரல் 19-ல் தீப்பிடித்து 76 பேர் மாண்டார்கள், அதில் இருபதுக்கும் அதிகமானவர்கள் பிள்ளைகள். அரசாங்கம் நடந்துகொண்ட விதத்தைக் குறித்து அங்கே பெரிய கேள்விகள் எழுந்தது நியாயம்தான். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு உணவு பத்தாமல் போகவில்லையே!

நம்ம தேசத்திலும் நடந்தது. 2014 நவம்பரில் அரியானா மாநிலம் பர்வாலாவில் ராம்பால் என்பவருடைய ஆசிரமத்தைப் போலீஸ் சுற்றி வளைத்தது. கோர்ட்டுக்கு வராமல் மதிலுக்குள் இருந்தார், ஆயிரக்கணக்கான பக்தர்கள் சுற்றிலும் இருந்தார்கள். முடிவில் ஐந்து பெண்களும் ஒரு குழந்தையும் செத்தார்கள். உள்ளே துப்பாக்கிகளும் பெட்ரோல் குண்டுகளும் எடுத்தார்கள். அவர்கள் வேறு மார்க்கத்தார் என்று தள்ளிவிடாதீர்கள். வேக்கோவில் இருந்தவர்கள் கையில் நம்முடைய வேதாகமம்தான் இருந்தது.

மலைக்குப் போவதே தப்பு என்றும் நான் சொல்லவில்லை. 1834-ல் மதுரையில் ஊழியம் தொடங்கிய அமெரிக்க மிஷனெரிமார், சமவெளிக் காய்ச்சலிலும் காலராவிலும் மனைவி மக்களைப் பறிகொடுத்து, இளைப்பாற ஒரு இடம் தேடினார்கள். முதலில் போனது இதே சிறுமலைக்குத்தான். அங்கேயும் மலேரியா! சிங்கத்துக்குத் தப்பினவனுக்குக் கரடி எதிர்ப்பட்டதாக ஆமோஸ் சொல்லுகிறாரே, அந்தக் கதை. பிறகு 1845-ல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். மேலே போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு, திரும்பவும் இதே மதுரை வெயிலுக்கு, நோயாளிகள் நடுவிலே இறங்கி வந்தார்கள்.

மூப்பர்களோடு பேசி, நிலத்தைப் பற்றிச் சபையில் அறிவிப்பு கொடுப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம். பதிலாக, பழைய கைப்பிடி அரிசியை மறுபடியும் தொடங்குகிறோம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனியாக எடுத்து வைத்து, ஞாயிறு காலை கொண்டுவாருங்கள். பின் வராந்தாவில் மூடியுள்ள இரண்டு இரும்பு டிரம் வைத்திருக்கிறோம். பருப்பு, உப்பு, தீப்பெட்டி, மெழுகுவத்தி, காய்ச்சல் மாத்திரை, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இவற்றுக்குத் தனி அலமாரி உண்டு, மாத்திரையில் தேதி பார்த்துக் கொடுங்கள். ஒரு சாவி போதகர் வீட்டிலும் ஒரு சாவி சகோதரிகள் ஐக்கியத்திலும் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பழைய அரிசியைத் தெருவில் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் புதியதை நிரப்புவோம். வாங்க வருகிறவர் சபைக்காரரா என்று யாரும் கேட்க வேண்டாம். வேப்பிலை கொண்டுவருகிறவர்கள் நிழலில் நன்றாக உலர்த்திக் கொண்டுவரவும். ஈரம் இருந்தால் அரிசி கெட்டுப்போகும்.