ஏழைக்கு ஒரு தராசா?

சகோதர வர்த்தகர்களே!

பணக்காரனுக்கு ஒரு படிக்கல், ஏழைக்கு ஒரு படிக்கல் என்று வைப்பவனின் சம்பாத்தியம் ஹராம் என்பதை நாம் மதரஸாவிலேயே ஓதியிருக்கிறோம். அப்படியிருக்க, மருத்துவத்தில் மட்டும் இரண்டு தராசு இருக்கலாமா என்பதே இங்கு நாம் ஆராயும் கேள்வி.

கர்ப்பப்பை வாயில் உண்டாகும் புற்றுநோய் ஒரே நாளில் வருவதன்று. எச்.பி.வி. என்னும் கிருமி தங்கி, பல ஆண்டுகள் கழித்தே புற்றாக மாறுகிறது. அந்த இடைக்காலத்தில் கண்டுபிடித்தால் தடுத்துவிடலாம். ஆய்வுக்கூடம் இல்லாத ஊர்களுக்கென்று ஓர் எளிய வழி உண்டு. காடியை, அதாவது வினிகர் கலந்த நீரை, பஞ்சில் நனைத்துத் தடவிச் சற்றுப் பொறுத்துப் பார்த்தால், கெட்ட இடம் வெளுத்துத் தெரியும். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் தொடங்கிய ஆராய்ச்சியில், பயிற்சி பெற்ற நர்ஸுகள் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களை இவ்வாறு சோதித்தார்கள். 2007-ல் வெளியான முடிவின்படி, சோதனை நடக்காத பகுதிகளைவிட அங்கே இந்நோயால் நேர்ந்த சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது.

ஆயினும் கண் தவறக்கூடியது. மஹாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2009-ல் வெளிவந்தது. ஒரே ஒரு முறை செய்த எச்.பி.வி. சோதனை சாவை ஏறக்குறையப் பாதியாக்கியது. காடிச் சோதனையோ சொல்லத்தக்க பலனைக் காட்டவில்லை. அப்படியானால் ஏழைக்குக் காடியைக் கொடுப்பது கள்ளத்தராசல்லவா?

அல்ல என்பதே நமது எண்ணம். பொன் நிறுக்கும் தராசு இல்லாத ஊரில் அரிசித் தராசால் நிறுப்பது மோசடியன்று. அதன் குறையை மறைப்பதே மோசடி. நர்ஸுகளுக்கு மறுபயிற்சி, நல்ல வெளிச்சம், படம் எடுத்து நிபுணரிடம் காட்டிச் சரிபார்த்தல், கண்ட அன்றே சிகிச்சை: இவை அத்தராசின் முள்ளை நேராக்கும். ஆனால், நல்ல தராசு கைக்கு எட்டிய பிறகும் பழையதையே ஏழைக்கு நீட்டுவது அநீதி. உலக சுகாதார நிறுவனமும் 2021-ல் எச்.பி.வி. சோதனைக்கே முதலிடம் தந்தது.

நமது நாட்டில் 2010-ல் பள்ளி மாணவிகளுக்குத் தடுப்பூசி தொடங்கியது. 2019 முதல் அரசாங்கக் கிளினிக்குகளில் எச்.பி.வி. சோதனை படிப்படியாக வந்தது. அதற்கான மாதிரியைப் பெண் தானே மறைவிடத்தில் எடுத்துக் கொடுக்கலாம். பின் தடை எது? பேராக்கில் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தோட்டத்து மருந்தகமும் போயிற்று. அங்கிருந்து வந்த பெண்கள் பலர் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் கடைகளில், தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும். அத்துடன் வெட்கமும் உண்டு.

ஹயா ஈமானைச் சேர்ந்ததுதான். ஆனால் அது பாவத்தைத் தடுக்க வந்த வேலியேயன்றி, வைத்தியத்தைத் தடுக்க வந்ததன்று. உடல் அல்லாஹ் தந்த அமானத். அதைப் பேணுவதற்கு வெட்கம் குறுக்கே நிற்குமானால், அதை விலக்கி வைப்பதே மார்க்கம். பெண் மருத்துவர் இருக்கையில், மாதிரியைத் தானே எடுக்கும் வசதியும் இருக்கையில், அந்தச் சாக்கும் நிற்பதில்லை.

ஆகவே இது பெண்கள் விஷயம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. வீட்டில் மனைவியிடமும் சகோதரிகளிடமும் நாமே எடுத்துச் சொல்ல வேண்டும். கடையில் வேலை செய்யும் பெண்ணுக்கு, அவள் எந்தச் சமயத்தவளாயினும், சோதனைக்கென அரை நாள் விடுப்புக் கொடுக்க வேண்டும். அந்த அரை நாள் கூலியைப் பிடிக்கிற கை, படிக்கல்லைக் குறைக்கிற கையே ஆகும்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லறிவைத் தந்தருள்வானாக! ஆமீன்.