ஏடு தொலைந்தால் கடமை தொலையுமா?

பாட்டனார் ஒருவர் தம் வீட்டைக் குடும்ப அறக்கட்டளையாக எழுதி வைக்கிறார். அதன் வாடகை, குடும்பத்தில் ஆதரவற்ற பெண்களுக்கும் படிக்க வசதியற்ற பிள்ளைகளுக்கும் சேர வேண்டும். இரண்டு தலைமுறைகள் கழிகின்றன, பத்திரம் காணாமற்போகிறது. சாவி பேரனிடம் இருக்கிறது, கேட்பாரில்லை. இனி அவன் உரிமையாளனா, காவலனா?

சட்டத்தின் விடை எளியது. 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டப்படி, அசையாச் சொத்தில் இத்தகைய அறக்கட்டளை உயிலால் அமையாவிடில், எழுதிப் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவான பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் செலுத்திப் பெறலாம். மூலத்தின் வாசகத்தை மெய்ப்பிக்க 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் அதனை ஏற்கிறது.

ஆனால் பேரன் விண்ணப்பிப்பதில்லை. தேடினால் கிடைத்துவிடுமோ என்ற அச்சம்! அவன் பொய் சொல்லவில்லை. எவரையும் ஏமாற்றியதாக அவனுக்குத் தோன்றுவதுமில்லை. எனினும் இழப்பினால் ஆதாயம் அடைபவனுக்கே தேடும் கடமை மிகுதி. விரும்பிக் காக்கும் அறியாமை, அறிந்து செய்யும் களவுக்கு வெகு தொலைவில் இல்லை.

பத்திரம் பதிவாகாமலே போயிருந்தால்? சட்டம் கைவிரிக்கலாம். அறத்தின் உண்மையான சோதனை அங்கேதான் தொடங்குகிறது. பரதனின் நிலை இதற்கு நேர்மாறானது. கைகேயி பெற்ற வரம் அவனுக்குச் சாதகமாகவே இருந்தது. அப்படியிருந்தும் அவன் நந்திக்கிராமத்தில் பாதுகைகளை முன்வைத்துப் பதினான்கு ஆண்டுகள் பிறர் பொருளைக் காப்பவனாகவே அரசு நடத்தினான்.

பேரன் செய்யக்கூடியது அவ்வளவு கடினமன்று: முதியோரைக் கேட்பது, பழைய கணக்கேடுகளைப் புரட்டுவது, உண்மை தெளியும்வரை வாடகையைத் தன் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைப்பது.