சுவர் படித்த முகங்கள்

இலங்கையின் மாத்தளை மாவட்டத்துச் சீகிரியா ஓவியப் பெண்கள் வாய் திறந்ததில்லை. ஆனாலும் பார்க்க வந்தவர்கள் நூற்றாண்டுக் கணக்காக அவர்கள் மனத்தைப் படித்தார்கள். துயரம் என்றார் ஒருவர், கல்நெஞ்சம் என்றார் இன்னொருவர். அங்குள்ள ‘கண்ணாடிச் சுவர்’ எனும் மதிலில் பார்வையாளர்கள் கீறிய பாடல்களில் 685ஐ 1956இல் தொல்லியலாளர் பரணவிதான பதிப்பித்தார். அப்பெண்கள் அரசியரா, அப்சரஸ்களா, மேகமும் மின்னலுமா என்று அறிஞரும் பிரிந்தே நின்றனர். அந்தச் சுவரில் இன்று தெளிவாகத் தெரிவது எழுதியவர்களின் மனந்தான்.

இன்றும் நாம் மற்றவரை இப்படித்தான் படிக்கிறோம். கட்டிய கையை மறுப்பின் அடையாளம் என்கின்றன உடல்மொழி நூல்கள். ஆனால் நம்மிடையே பெரியவர் முன் கைகட்டி நிற்பது மரியாதை. ஒருவரை ‘இந்த ரகம்’ என்று முடிவுகட்டுமுன், அவரிடமே ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.