வகுப்பைத் துறத்தல்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முத்தியால்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில் நாங்கள் ஐந்து பேர் பகடை உருட்டுவோம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-இல் அது முதலில் வந்தபோது மூன்றே வகுப்புகள்: சண்டைக்காரன், மந்திரவாதி, பூசாரி. மந்திரவாதி என்று எழுதிவிட்டால் வாளைத் தொடக் கூடாது. 1978-இல் வந்த ரூன்குவெஸ்ட் இதை உதறியது. அதில் வகுப்பு கிடையாது. எதைச் செய்துகொண்டிருக்கிறீர்களோ அதில் தேறுவீர்கள், அவ்வளவுதான்.

புது ஆட்டம் ஆரம்பிக்கும்போது நான் சொன்னேன்: "இந்த வாட்டி கிளாஸே வேணாம். தமிழ்ல வகுப்புன்னாலே சாதியும்தான் ஞாபகம் வருது."

எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவனைத் தவிர. "எனக்கு வேணும்டா. ஊர்ல எனக்குக் குடுத்தத யாரும் என்னக் கேட்டுக் குடுக்கல. இங்க நானே எடுக்கறேன். முதல் லெவல்ல எல்லாரும் ஒண்ணு. அத ஏன் பிடுங்கற?"

எனக்குப் பதில் வரவில்லை. என் வகுப்பு என்னவென்று யாரும் என்னைக் குத்திக் கேட்டதில்லை. அதனால்தான் அதை வேண்டாம் என்பது எனக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

எங்கள் ஊரில் அரசாங்கமே ஒருமுறை இப்படியொரு வெற்றுத்தாளை நீட்டியது. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, பிரெஞ்சிந்தியாவில் யாரும் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். புதிதாக ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திரும்பிப் போக முடியாது. 1873-இல் ஷூ போட்டு நீதிமன்றத்துக்கு வந்ததற்காகத் தடுக்கப்பட்டு, பாரிஸ்வரை வழக்காடி ஜெயித்த வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை, 'லபோர்த்' என்ற பெயரை எடுத்துக்கொண்டார். 'கதவு' என்று அர்த்தம்.

ஆனால் 1884-இல் வாக்காளர் பட்டியலை மூன்றாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர், துறந்தவர், மற்றவர். வகுப்பைத் துறந்தவர்களே இன்னொரு வகுப்பு ஆகிவிட்டார்கள். தாளில் என்ன எழுத வேண்டும் என்பது அவர்கள் கையில் இருந்தது. பட்டியல் வேறு யாரோ கையில் இருந்தது.

1986-இல் வந்த கர்ப்ஸ் என்ற ஆட்டத்திலும் வகுப்பு இல்லை. எல்லோருக்கும் ஒரே அளவு புள்ளி. உயர்ந்த அந்தஸ்து வேண்டுமா, புள்ளி செலவழிக்க வேண்டும். வாள்வீச்சுக்கோ மந்திரத்துக்கோ அவ்வளவு குறையும். வகுப்பில்லாத ஆட்டத்தை நியாயமாக்குவது அந்தச் சமப் புள்ளிதான். ஊரில் மேலே பிறந்தவன் அதற்காக எதையும் குறைத்துக்கொண்டதில்லை. புள்ளிக்கணக்கைத் தொடாமல் 'நமக்குள்ள வகுப்பே இல்லப்பா' என்று சொல்பவன், பழைய கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு தலைப்பை மட்டும்தான் அழிக்கிறான். நானும் அன்று அதைத்தான் செய்யப் பார்த்தேன்.

வகுப்பு இருப்பதா இல்லாததா என்பதைவிட, அதை யார் எழுதுகிறார்கள், எழுதியபின் மாற்ற முடியுமா என்பதே இப்போது எனக்குப் பெரிய கேள்வியாகத் தெரிகிறது.

அன்று வகுப்போடுதான் ஆடினோம். அவன் பூசாரியை எடுத்தான்.