மணப்படத்தின் பின்னணி

திருமணத்துக்கு முன்னரே மணமக்களை எழில்மிகு இடங்களுக்கு அழைத்துச் சென்று படம்பிடிக்கும் வழக்கம் நம் நாட்டிலும் வேரூன்றிவிட்டது. நுவரெலியாவின் தேயிலைச் சரிவுகளுக்கு இதில் தனி மவுசு. இளையோரின் மகிழ்ச்சியைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அழகை நாடுவது மனித இயல்பே. ஆனால் அந்த அழகு எவருடைய ஆக்கம்?

இச்சரிவுகள் இயற்கை தந்த கொடையல்ல. 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பெருந்தோட்டப் பயிராயிற்று. அதற்கு முன்னர் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் இம்மலைகளில் உழைத்து மடிந்தோர் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர். அவர்தம் சந்ததியாரில் மிகப் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது.

இடம் தேர்வோர் லயம் தெரியாத கோணத்தைத் தேடுகிறார்கள். கூடை சுமந்த பெண் தெரிந்தாலோ மகிழ்கிறார்கள். அவள் படத்துக்கு வண்ணம் சேர்க்கிறாள். அவள் குடியிருக்கும் காம்பரா படத்தைக் கெடுத்துவிடுகிறதாம்! தோட்டத் துரையிடம் அனுமதி பெறுவோர் அவளிடம் ஒரு வார்த்தை கேட்பதுண்டா? அன்றைய கொழுந்தின் நிறை குறைந்தால் கூலியும் குறையும் என்பது அவள் கவலை.

அவளும் மணமகளாய் நின்றவள்தான். அக்காலத் தோட்டத்து மணமக்கள் படமெடுக்க விரும்பினால் பட்டணத்து ஸ்டூடியோவுக்குப் போவார்கள். திரையில் தீட்டிய சோலைக்கு முன்னால் நிற்பார்கள். தேயிலைச் சரிவு அவர்களுக்கு வேலைத்தலம்.