கடனும் நாவும்

இன்பம் பொருளில் இல்லை, உள்ளத்திலேயே உண்டு என்று மேடையேறி உரைப்போர் நம் தோட்டப்புறங்களுக்கு அடிக்கடி வருகின்றனர். வயிறார உண்டு காரில் வந்து, ஆசையை ஒழியுங்கள் என்று நம் பாட்டாளித் தோழர்களுக்குச் சொல்லிச் செல்கின்றனர். இவ்வுபதேசம் எனக்கு உடன்பாடன்று. வள்ளுவர் ‘அவாவறுத்தல்’ என்னும் அதிகாரத்தைத் துறவறவியலில் வைத்தாரேயன்றி இல்லறவியலில் வைத்தாரல்லர். லயத்தில் பிள்ளைகுட்டிகளோடு வாழ்பவன் ஒழுகாத கூரையையும் குளிர்பதனப் பெட்டியையும் விரும்புவது குற்றமாகுமோ? ஆகாது.

ஆயின், பொருளை வாங்கும்போது நாம் எதனை விற்கின்றோம் என்பதே என் ஐயம்.

ஒப்பந்தக் கூலியாக மலாயாவுக்கு வந்த நம் முன்னோரின் கப்பற் செலவு அவர்கள் பேரில் கடனாக எழுதப்பட்டது. கடன் தீருமட்டும் தோட்டத்தை விட்டகல முடியாது. எதிர்த்துப் பேசவும் முடியாது. 1910-இல் அவ்வாறு ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. சட்டம் அறுத்த கயிற்றை இன்று நாமே கழுத்தில் மாட்டிக்கொள்ளுகின்றோம்.

பிறரைச் சொல்வானேன்? சிறிய கார் எனக்குப் போதுமாயிருந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கிராணி பெரியது வாங்கினார். நானும் வாங்கினேன், ஒன்பதாண்டுத் தவணையில். பிறர் காணவேண்டுமென்றே செலவிடும் இப்பழக்கத்தை அமெரிக்க அறிஞர் தார்ஸ்டைன் வெப்லன் 1899-இல் எழுதிய நூலில் ஆராய்ந்தார். செல்வரைப் பற்றிய நூலெனினும், பரம ஏழையும் இதினின்று முற்றும் தப்புவதில்லை என்று அவர் கண்டார். கல்லூரியில் அந்நூலைப் படித்துத் தேர்வும் எழுதினேன். படிப்பினால் ஆன பயன் அவ்வளவே!

கார் வாங்கிய ஆண்டிலேயே ஒரு நாள், பால் நிறுக்குமிடத்தில் மேலதிகாரி எடையைக் குறைத்து எழுதச் சொன்னார். மறுத்தால் வேலை போகும். வேலை போனால் கார் போகும். எழுதினேன். பால்மரம் வெட்டும் அண்ணன் ஒருவர் தராசையும் என் பேனாவையும் மாறி மாறிப் பார்த்தார். வாய் திறப்பார் என்றஞ்சினேன். அவரோ மெல்ல அருகில் வந்து, “கிராணியாரே, டிவி தவணை கட்டணும், கொஞ்சம் முன்பணம் கிடைக்குமா?” என்றார். கடன்பட்ட இருவர் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நின்றோம்.

தவணையே தீதென்று நான் சொல்லவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விலைபோன காலத்தில், 1960-இல், வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தித் தோட்டங்களையே விலைக்கு வாங்கினர். அவர்களுக்கும் பொருளாசை இருந்தது. அதுவும் தவணைப் பணமே. ஆனால் தம்மை வெளியேற்ற வல்லவன் ஒருவன் குறைய வேண்டுமென்று அவர்கள் கட்டினார்கள். நானோ அத்தகையவன் ஒருவனைக் கூட்டிக்கொள்ளவே மாதந்தோறும் கட்டுகின்றேன்.

அந்த அண்ணனுக்கு முன்பணம் வாங்கிக் கொடுத்தேன். எடை திருத்தப்படவில்லை. காருக்கு இன்னும் ஐந்தாண்டு தவணை உண்டு.